மைதானம் யார் பெயரில் இருக்கிறது?
மரக்காணம் கடற்கரை விளையாட்டுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்



மரக்காணத்திலும் அதைச் சுற்றியுள்ள கடலோரக் குப்பங்களிலும், உப்பளத்தை நம்பி வாழும் ஊர்களிலும் வாலிபால், கபடி, கிரிக்கெட், கால்பந்து என்று குழு வைத்து நடத்தும் உங்கள் அனைவருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். எக்கியார்குப்பத்துக்கு ஒன்று, கூனிமேட்டுக்கு ஒன்று, அனுமந்தைக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுதலாம்தான். சொல்ல வேண்டியது எல்லாருக்கும் ஒன்றே என்பதால் ஒரே மடலாக எழுதுகிறேன்.

உங்கள் பக்கத்தில் அணிகளுக்குப் பஞ்சமில்லை. பொங்கல் வந்தால் ஊருக்கு ஊர் போட்டி. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு பனியன் அடிக்கிறீர்கள், நுழைவுக் கட்டணம் கட்டுகிறீர்கள், வேன் பிடித்துத் திண்டிவனம் வரை போய் ஆடிவிட்டு வருகிறீர்கள். இல்லாதது மைதானம். பள்ளிக்கூடத்து மைதானத்துக்குப் பள்ளி விட்டதும் பூட்டு விழுகிறது. கடற்கரை மணலில் பந்து எழும்பாது. வலை காயவும் படகு ஏற்றவும் உள்ள இடம் அது, அதை அப்படியே விடுவதுதான் நியாயம். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் தரிசாகக் கிடக்கும் நிலத்தைச் செதுக்கி ஆடுகளமாக்கினால், இரண்டு வருடத்தில் யாரோ வந்து மனைக்கல் நட்டுவிடுகிறார்கள். பிறகு வேறு இடம் தேடுகிறீர்கள்.

ஓர் அணி புதிய மைதானத்துக்குக் குடிபெயர்ந்தால் அதன் முதல் பருவத்தில் என்ன நடக்கும் என்று சில காலமாகக் கவனித்து வருகிறேன். அதில் நான் கண்டது உங்களுக்கு நேரடியாகப் பயன்படும் என்று நம்புகிறேன். முதலில் நம் மாநிலத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

சென்னை சிட்டி எஃப்.சி. என்ற கால்பந்துக் கழகத்தை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். 2016-17 பருவத்தில் அதற்கு ஐ-லீக் போட்டியில் இடம் கிடைத்தது. ஆனால் சென்னையில் கால்பந்து என்றால் அப்போது எல்லாருடைய கண்ணும் ஐ.எஸ்.எல். அணியான சென்னையின் எஃப்.சி. மேல்தான். 2017-18 பருவத்துக்குச் சென்னை சிட்டி கோயம்புத்தூருக்கு வந்து, அங்குள்ள நேரு விளையாட்டரங்கத்தைத் தன் சொந்த மைதானமாக்கிக்கொண்டது. பெயரில் சென்னை, ஆடுவது கோவையில். உள்ளூர்க்காரர்களுக்கு அந்த அணியோடு என்ன உறவு? முதலில் ஒன்றும் இல்லை. தடகளப் போட்டிகளும் நடக்கும் பழைய அரங்கம் அது. ஆடுகளத்தைச் சுற்றி ஓடுதளம் இருப்பதால் இருக்கையில் உட்கார்ந்தவருக்குப் பந்து தூரத்தில்தான் தெரியும்.

அந்தப் பருவம் எப்படிப் போயிற்று தெரியுமா? தொடக்க ஆட்டம் 2017 நவம்பர் 29 அன்று கோவாவில். இந்தியன் ஆரோஸ் என்ற அணி. எல்லாரும் பதின்ம வயதுப் பையன்கள், பலர் இளையோர் உலகக் கோப்பையில் ஆடிவிட்டு வந்தவர்கள். அவர்களிடம் 0-3 என்று தோற்றது. அடுத்த பிப்ரவரியில் கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் அணியிடம் 1-7. ஏழு கோல்! பருவ முடிவில் பத்து அணிகளில் எட்டாவது இடம். கீழே இறங்கிவிடுவார்களோ என்ற பயம் கடைசி வரை இருந்தது. புது வீட்டில் முதல் வருடம் அப்படித்தான் கழிந்தது.

அந்த எட்டாவது இடத்து அணியில் இருந்த ஒருவரைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். மைக்கேல் சூசைராஜ். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடலோரம் இரவிபுத்தன்துறை அவர் ஊர். மீனவர் ஊர். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை என்று அடுத்தடுத்துக் கிடக்கும் அந்த ஊர்களில் கால்பந்து என்பது பண்டிகைக்கு மட்டும் எடுத்து ஆடுகிற விளையாட்டு கிடையாது. கடலுக்குப் போய்விட்டு வந்த கால்களோடு மாலையில் ஆடுகிற அன்றாடப் பழக்கம். அங்கிருந்து சந்தோஷ் கோப்பைக்கும் பெரிய கழகங்களுக்கும் பையன்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். சூசைராஜ் அந்தப் பருவத்தில் ஐ-லீக்கின் சிறந்த நடுக்கள ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பத்தில் எட்டாவது இடத்தில் முடித்த அணியிலிருந்து அந்த விருது வந்தது என்பதை யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். அணி கோவாவில் தோற்ற நவம்பர் 29-க்கு மறுநாள்தான் ஒக்கி புயல் அந்தக் கடலைப் புரட்டிப் போட்டது. ஆழ்கடலுக்குப் போயிருந்த தூத்தூர் பக்கத்து மீனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. அந்த ஊர்களில் துக்கம் விழாத தெரு குறைவு. அப்படிப்பட்ட ஒரு கரையிலிருந்து வந்த பையன், அந்த ஆண்டு முழுவதும் ஆடி, ஐ-லீக்கிலேயே சிறந்த நடுக்கள ஆட்டக்காரன் என்று பெயர் வாங்கினான். புயலைப் பார்த்த கரை உங்களுடையதும்தான். அதனால் இதை உங்களிடம் சொல்ல எனக்கு ஒரு உரிமை இருப்பதாக நினைக்கிறேன்.

அடுத்த பருவத்தின் கதை பலருக்குத் தெரியும். சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளரானார். ஸ்பெயினிலிருந்து பெட்ரோ மான்ஸி, நெஸ்டர், சாண்ட்ரோ போன்றவர்கள் வந்தார்கள். அவர்களோடு எட்வின், ரோமாரியோ, அஜித்குமார் என்று நம் மாநிலத்துப் பையன்களும் ஆடினார்கள். மான்ஸி மட்டும் 21 கோல் அடித்தார். 2019 மார்ச் 9, கடைசி நாள். கோவையில் நடப்புச் சாம்பியனான மினர்வா பஞ்சாப் அணியோடு ஆட்டம். ஜெயித்தால் கோப்பை, இல்லாவிட்டால், அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்காலுக்குப் போய்விடலாம். ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிடமே மினர்வா கோல் அடித்துவிட்டது. இடைவேளைக்குப் பிறகு மான்ஸி பெனால்டியில் சமன் செய்தார். பிறகு கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார். 3-1. சென்னை சிட்டிக்கு 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. முந்தின ஆண்டு தங்களுக்கு ஏழு கோல் போட்ட அணியிடமிருந்து ஒரே ஒரு புள்ளியில் கோப்பையைத் தட்டி வந்தார்கள். யாருடைய அணி இது என்று கேட்டிருந்த ஊரில் அன்று அரங்கம் ஆரவாரமாக இருந்தது.

இந்த இடத்தில் மடலை முடித்தால் அழகாக இருக்கும். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் உங்களுக்கு அதிகம் தேவை. சாம்பியன் என்ற தகுதியில் 2020 மார்ச்சில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் கோப்பைப் போட்டியில் மாலத்தீவின் மாஸியா அணியோடு ஆட வேண்டி வந்தது. சொந்த மைதான ஆட்டம். அது நடந்தது கோவையில் அல்ல, அகமதாபாத்தில். அப்புறம் கொரோனா. 2020-21 ஐ-லீக் முழுவதும் வங்காளத்தில் நடந்தது. அதற்குப் பிறகு சென்னை சிட்டி ஐ-லீக்கில் ஆடவே இல்லை. கோப்பை வென்று மூன்றாண்டு நிறைவதற்குள் அந்த அணி கோவை மக்களின் கண்ணிலிருந்து மறைந்துபோயிற்று.

என்ன மிஞ்சியது? ஆட்டக்காரர்கள் மிஞ்சினார்கள், சூசைராஜும் ரோமாரியோவும் எட்வினும் அஜித்குமாரும் ஐ.எஸ்.எல். அணிகளுக்குப் போனார்கள். அரங்கம் மிஞ்சியது, ஏனென்றால் அது பொதுச் சொத்து. அணி யாரோ ஒரு முதலாளியுடையது. அவர் கையை விரித்தால் அது போய்விடும். மைதானம் ஊருடையதாக இருந்தால் இருக்கும். நான் உங்களிடம் வலியுறுத்த வந்தது இதைத்தான். உங்கள் கரைக்கு ஏதாவது பெரிய அணி வர வேண்டும், பெரிய அரங்கம் கட்ட வேண்டும் என்று யாராவது ஆசை காட்டினால் சந்தோஷப்படுங்கள். ஆனால் கேட்க வேண்டியது வேறு: உங்கள் ஊர்ப் பெயரில், வருவாய்த்துறைப் பதிவேட்டில் விளையாட்டு மைதானம் என்று எழுதப்பட்ட, யாரும் பூட்ட முடியாத ஒரு நிலம்.

எப்படிப்பட்ட நிலம், எங்கே, எந்த மாதத்தில் ஆடுவது என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு தூரத்து உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவில் டாம்பா பே ரேஸ் என்று ஒரு பேஸ்பால் அணி. பேஸ்பால் நமக்குப் பழக்கமில்லாத ஆட்டம், ஆனால் அவர்களுக்கு நேர்ந்தது நமக்குப் புரியும். அவர்கள் ஊரும் உங்கள் ஊர் மாதிரியே புயல் வரும் கடலோரம். அவர்களுடைய அரங்கத்துக்குத் துணிபோன்ற கூரை. 2024 அக்டோபரில் மில்டன் சூறாவளி அந்தக் கூரையைக் கிழித்தெறிந்தது. எனவே 2025 பருவத்தை வேறோர் இடத்தில் ஆட வேண்டியதாயிற்று. நியூயார்க் அணி ஒன்று ஆண்டுதோறும் பயிற்சிக்கு வைத்திருக்கும் மைதானம். ஏறத்தாழ பத்தாயிரம் பேர்தான் உட்காரலாம், மேலே கூரை கிடையாது.

கூரை இல்லையென்றால் அந்த ஊரில் என்ன சிக்கல்? கோடையில் பிற்பகல்தோறும் இடியும் மழையும். ஓர் அணி ஓராண்டில் 162 ஆட்டம் ஆடுகிறது, பாதி சொந்த மைதானத்தில். எனவே போட்டி அட்டவணையையே மாற்றினார்கள். முதல் 59 ஆட்டங்களில் 47 ஆட்டங்களைச் சொந்த மண்ணிலேயே முன்கூட்டி வைத்துவிட்டார்கள், மழைக்காலம் வருவதற்குள் முடிந்தவரை ஆடிவிட வேண்டும் என்று. 2025 மார்ச் 28 அன்று முதல் ஆட்டத்தில் கடைசி அடியில் 3-2 என்று வென்றார்கள். பருவத்தின் முடிவில் தோல்விதான் கூடுதல். 77 வெற்றி, 85 தோல்வி. பத்தாயிரம் இருக்கையோடு அந்தப் பருவத்தை ஓட்டிவிட்டார்கள். கோடிக்கணக்கில் பணம் புரளும் அணிகூட வானத்தைப் பார்த்துத்தான் அட்டவணை போட வேண்டியிருந்தது.

மில்டன் அடித்து ஐம்பது நாள் ஆகியிருக்கும், ஃபெஞ்சல் புயல் உங்கள் பக்கம் வந்தது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. உப்பளம் எங்கே, கழுவெளி ஏரி எங்கே என்று தெரியாமல் வெள்ளம் நின்றதை நீங்களே பார்த்தீர்கள். அதற்கு நான்காண்டுக்கு முன் நிவர் புயல் புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் இடையில்தான் கரை கடந்தது. 2011 கடைசியில் தானே புயல். புயல் உங்களுக்குப் புதிதல்ல. அதனால்தான் சொல்கிறேன்: எந்த மைதானம் கேட்டாலும் தண்ணீர் வடிகிற மேட்டு நிலமாகக் கேளுங்கள். கழுவெளிச் சதுப்பிலோ அதன் ஓரத்திலோ மண் கொட்டி மேடாக்கித் தருகிறோம் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2021 டிசம்பரில் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அந்த ஏரி மழைநீரை வாங்கி வைத்துக்கொள்வதால்தான் உங்கள் ஊர்களில் பாதி பிழைக்கின்றன. ஏரியை மூடிப் பெற்ற மைதானம் அடுத்த மழையில் ஏரியாகவே திரும்பிவிடும்.

எந்த மாதத்தில் ஆடுவது? இதுதான் உங்கள் கரையில் எனக்கு மிகவும் முக்கியமாகத் தெரிகிற விஷயம். உப்பளத்தில் வேலை ஜனவரி வாக்கில் தொடங்கி மழை வரும்வரை ஓடுகிறது. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று விடியுமுன்பே பாத்தியில் இறங்குகிறார்கள். கோடைதான் உப்புக்கு உச்சம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. வேலை இல்லை, கையில் காசும் இல்லை. அந்த மாதங்களுக்காக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. இனி குப்பத்தைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அதாவது கடல்வேலை குறைகிற மாதங்களில்தான் உப்பளத்தில் வேலை கொழுக்கிறது. உப்பளத்துக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் மாதங்களில் மைதானத்தில் தண்ணீர் நிற்கிறது.

இரண்டு ஊர்ப் பையன்களும் ஒன்றாக ஓய்வாக இருக்கிற மாதமே இல்லை என்றால் ஒரு பொதுப் பருவம் நடத்துவது எப்படி? நீங்கள் வருடத்தில் இரண்டு நாள் கோப்பைப் போட்டி நடத்துகிறீர்கள். நான் சொல்வது வேறு. ஊருக்கு ஊர் மாற்றி மாற்றி ஆடி, எல்லா அணியும் எல்லா அணியோடும் மோதி, புள்ளிப் பட்டியல் வைத்து, ஆறு மாதம் ஓடுகிற ஒரு லீக். பெரிய கழகங்கள் நடத்துவதும் அதைத்தான். உங்கள் கரையில் அது நடக்க முடியும், ஏனென்றால் ஒரு நேரம் மட்டும் உங்கள் எல்லாருக்கும் பொதுவாக இருக்கிறது. மாலை. உப்பளத்துக்காரரும் முற்பகலுக்குள் வீடு திரும்புகிறார். ஃபைபர் படகில் போனவரும் காலையில் கரை சேர்ந்துவிடுகிறார். பிப்ரவரி முதல் ஜூலை வரை, வாரத்தில் இரண்டு மாலை. மழைக்கு முன் முடித்துவிடலாம். டாம்பாக்காரர்கள் செய்ததும் இதேதான்.

முதல் பருவம் சுமாராகத்தான் இருக்கும். அணிகள் வராமல் போகும், நடுவர் தீர்ப்பில் தகராறு வரும், ஆடுகளம் ஒருபக்கம் பள்ளமாக இருக்கும். பருவத் தொடக்கத்தில் பாத்தியை மிதித்து மிதித்து இறுக்குவதை உப்பளத்துப் பிள்ளைகள் பார்த்திருப்பீர்கள். முதல் வாரலில் மண் கலந்துதான் வரும், வெள்ளை உப்பு பிறகுதான் வரும். புதிய மைதானமும் அப்படியே, மிதிபட மிதிபடத்தான் படியும். கோவையில் முதல் வருடம் எட்டாவது இடத்தைப் பார்த்துவிட்டு யாரேனும் கடையைக் கட்டியிருந்தால் அந்த மார்ச் 9 வந்திருக்காது.

இப்போது ஒரு கசப்பான விஷயம். உங்களுக்குக் கிட்டத்தில் ஒரு நல்ல மைதானம் இருக்கிறது, ஆனால் அது உங்களுடையது இல்லை. புதுச்சேரிக்கு அருகே துத்திப்பட்டில் கிரிக்கெட் சங்கத்தின் மைதானம். புதுச்சேரி மாநில அணி 2018-19-இல்தான் முதன்முதலாக ரஞ்சிக் கோப்பையில் ஆடியது. அதற்குப் பிறகு அங்கே முதல்தர ஆட்டங்கள் நடக்கின்றன. மரக்காணத்திலிருந்து பேருந்தேறினால் கொஞ்ச நேரத்தில் கோட்டக்குப்பத்தைத் தாண்டி எல்லைக்கு வந்துவிடலாம். ஆனால் அணித் தேர்வு என்று வந்தால் நீங்கள் விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு. அது நியாயமான விதி. ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் பிள்ளைகளுக்குரிய இடம் காக்கப்பட வேண்டும். புதுச்சேரியின் உள்ளூர் ஆட்டக்காரர்களும் எத்தனையோ வருடம் தங்களுக்கென ஒரு மாநில அணி இல்லாமல் காத்திருந்தவர்கள். அவர்களில் சாந்தமூர்த்தி என்ற வேகப்பந்து வீச்சாளர், 2021 ஜனவரியில், 41 வயதில், மும்பை அணிக்கு எதிரான டி-20 ஆட்டத்தில் 20 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்தார். புதுச்சேரி ஜெயித்தது. அந்த வயதில் அப்படிப் பந்துவீச முடிகிறவருக்கு இருபத்தைந்து வயதில் இந்த வாய்ப்பு கிடைத்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. வாய்ப்பு தாமதமாக வந்த ஊரில் திறமை வீணாகாமல் இருந்தது அந்த மனிதருடைய பிடிவாதத்தால். உங்கள் பிள்ளைகளை அப்படிக் காக்க வைக்காதீர்கள்.

எல்லையைத் தாண்டாமல், யாரையும் எதிர்பாராமல் மைதானத்தைச் சொந்த ஊருக்கே கொண்டுவந்த ஒருவரும் இருக்கிறார். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன். டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகியவர், உங்களைப் போலவே. 2016-இல் தமிழ்நாட்டின் டி-20 போட்டியான டி.என்.பி.எல். தொடங்கியபோது திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்கு ஆடினார். அந்த முதல் டி.என்.பி.எல்.லைச் சேப்பாக்கத்தோடு நிறுத்தாமல் நத்தத்தில் ஒரு கல்லூரி மைதானத்திலும், திருநெல்வேலி சங்கர் நகரில் சிமென்ட் ஆலை மைதானத்திலும் நடத்தினார்கள். சென்னைக்கு வெளியே, மின்விளக்கு வெளிச்சத்தில், தொலைக்காட்சியில் எல்லாரும் பார்க்க ஆடினால் என்ன ஆகும் என்பதற்கு நடராஜனே பதில்: அடுத்த ஆண்டு ஐ.பி.எல்.லில் 3 கோடி ரூபாய்க்கு ஏலம் போனார்; 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகைக் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்கு அறிமுகமானார். பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. சின்னப்பம்பட்டியில் ஒரு கிரிக்கெட் மைதானம் அமைத்தார். 2023 ஜூன் 23 அன்று தினேஷ் கார்த்திக் வந்து திறந்துவைத்தார். தாம் சிறுவனாக இருந்தபோது இல்லாத ஒன்றை அடுத்த பிள்ளைகளுக்கு உண்டாக்கினார்.

உங்களிடம் ஒரு நடராஜன் உருவாகி, அவர் சம்பாதித்து, அப்புறம் மைதானம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. வழி ஏற்கனவே இருக்கிறது. மரக்காணம் பேரூராட்சி, ஆனால் சுற்றியுள்ள பல ஊர்கள் கிராம ஊராட்சிகள். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி அன்றெல்லாம் கிராம சபை கூடுகிறது. அதில் தீர்மானம் வையுங்கள். வெறுமனே மைதானம் வேண்டும் என்று எழுதினால் அது காகிதமாகவே இருக்கும். இடத்தைக் குறிப்பிட்டு, புல எண்ணைக் குறிப்பிட்டு, அது எந்த வகைப் புறம்போக்கு என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். உப்பள நிலத்தில் ஒரு பகுதி மத்திய அரசுடையது. கடலை ஒட்டிய நிலத்துக்குக் கடலோர ஒழுங்குமுறை விதிகள் உண்டு. இவற்றைத் தவிர்த்து, மேட்டுப் பக்கம் உள்ளே ஒரு நிலத்தை நீங்களே கண்டுபிடித்துக் காட்டினால்தான் அதிகாரிகளும் அசைவார்கள்.

சட்டமன்றத் தொகுதிதோறும் 3 கோடி ரூபாயில் சிறு விளையாட்டரங்கம் அமைக்கும் அரசுத் திட்டம் இருக்கிறது. ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு வழங்கும் திட்டமும் இருக்கிறது. உங்கள் ஊராட்சிக்கு வந்த பந்தும் வலையும் எந்த அறையில் இருக்கின்றன என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. அரங்கம் கிடைத்தால் நல்லது. ஆனால் இருக்கையும் மேற்கூரையும் கடைசியில் வரட்டும். முதலில் சமமான தரை, வடிகால், இரவு எட்டு மணி வரை எரியும் நான்கு விளக்குக் கம்பம், குடிதண்ணீர், பெண்களுக்குக் கழிப்பறை.

கழிப்பறையை நான் கடைசியில் சொன்னது அது சின்ன விஷயம் என்பதால் அல்ல. உப்பளத்தில் ஆண்களோடு சமமாக, பல இடங்களில் அதிகமாகவே, பெண்கள் உப்பு சுமக்கிறார்கள். அந்த வீட்டுப் பெண்பிள்ளைகள் பள்ளியில் வாலிபால் ஆடுகிறார்கள், கபடி ஆடுகிறார்கள். பத்தாம் வகுப்பு முடிந்ததும் ஆட்டமும் முடிந்துவிடுகிறது. காரணம் திறமை இல்லாமை இல்லை. பையன்கள் நிறைந்த பொட்டலில் அவர்கள் இறங்க முடியாது, மாற்றிக்கொள்ள இடமில்லை, இருட்டினபின் திரும்ப வழியில் வெளிச்சமில்லை. எனவே லீக் அட்டவணை போடும்போது வாரத்தில் இன்னும் இரண்டு மாலை பெண்கள் அணிகளுக்கென்று எழுதுங்கள். மீதி இருந்தால் பார்க்கலாம் என்று விடாதீர்கள். தம்பிகளே, இதை நீங்கள் முன்வைத்தால்தான் நடக்கும். உங்கள் தங்கைகள் மட்டும் கேட்டால் ஊர்ப் பெரியவர்கள் தள்ளிப்போடுவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னும் ஒன்று. குப்பத்துக்கும் உப்பள ஊருக்கும், ஒரு தெருவுக்கும் இன்னொரு தெருவுக்கும் இடையில் பழைய மனத்தாங்கல்கள் உண்டு. கோப்பைப் போட்டியில் கைகலப்பு வந்து பாதியில் நின்ற கதை ஒவ்வொரு ஊரிலும் இருக்கும். மைதானம் ஒரு ஊரின் பெயரில், ஒரு தெருவின் பிடியில் போய்விட்டால் அந்தக் கசப்பு மைதானத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் பொறுப்புக் குழுவில் எல்லா ஊரிலிருந்தும், எல்லாத் தெருவிலிருந்தும் ஆட்கள் இருக்கட்டும். பெண்கள் கட்டாயம் இருக்கட்டும். நன்கொடை தருகிற கட்சிக்காரருக்கும் கம்பெனிக்கும் நன்றி சொல்லி ஒரு பலகை வையுங்கள். சாவியை மட்டும் கொடுக்காதீர்கள். கோவையில் அணியின் சாவி வேறொருவர் கையில் இருந்தது. அது போன பிறகு ரசிகர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

உங்கள் ஊர்களில் சிலவற்றில் இளைஞர்கள் படகையும் பாத்தியையும் விட்டுவிட்டுச் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பதை அறிவேன். 2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் குடித்து நடந்த சாவுகளையும் யாரும் மறக்கவில்லை. ஒரு மைதானம் இதையெல்லாம் தீர்த்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். மாலையில் போவதற்கு ஓர் இடம், அங்கே தன் பெயரைக் கூப்பிட்டுப் பந்தை வீச நாலு பேர், அடுத்த வாரம் ஓர் ஆட்டம் என்று இருந்தால், அந்த வயதில் அது சின்ன விஷயம் இல்லை.

அடுத்த கிராம சபைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எல்லாக் குழுக்களின் தலைவர்களும் ஒரே இடத்தில் கூடுங்கள். ஊர்வாரியாக எத்தனை அணி, எந்தெந்த ஆட்டம், ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நிலத்துக்கு இரண்டு மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் எவ்வளவு நாள் நின்றது என்று அந்த ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு அதையும் எழுதுங்கள். தீர்மானத்தின் நகலை ஊராட்சித் தலைவரிடம் கொடுப்பதோடு நிறுத்தாமல் மாவட்ட விளையாட்டு அலுவலருக்கும் ஆட்சியருக்கும் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பிப்ரவரியில் லீக்கைத் தொடங்கிவிடுங்கள், இருக்கிற பொட்டலிலேயே. மைதானம் கேட்கிற மனுவோடு புள்ளிப் பட்டியலையும் இணைத்துக் கொடுத்தால், ஆடுகிறவர்கள் எத்தனை பேர் என்பதற்கு அதுவே சான்று.

அன்புடன்,
உங்கள் ஆட்டங்களைக் கரையோரம் நின்று பார்க்கும் ஒருவன்